கதவோரக் கறுப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நம்பரை எப்பவோ அழிச்சுட்டேன், அதான் கடுதாசி.

என் கல்யாண ஃபோட்டோ ஸ்லைடுகளை இப்பத்தான் ஸ்கேன் பண்றேன். ஸ்கேனர் தானா வைக்கிற எக்ஸ்போஷர்ல, அதாவது வெளிச்ச அளவுல, நாங்க ரெண்டு பேரும் பளிச்சுன்னு இருக்கோம். பின்னால கதவுப் பக்கம் வெறும் கறுப்பு. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே, எக்ஸ்போஷரை நல்லா ஏத்தி மறுபடி ஸ்கேன் பண்ணேன்.

கதவோரம் நீ நிக்கிற. கையில மடக்கின குடை, இடுப்புல தூங்குற குழந்தை.

"கல்யாணத்துக்கு வந்துட்டுத்தான்டா போனேன்"னு நீ சொன்னப்ப, "புளுகாதே"ன்னு கத்தினேன். அதோட பேச்சு நின்னு இருபத்தாறு வருஷம் ஆச்சு.

வெளிச்சம் கூட்டினதுல என் முகம்தான் வெளுத்துப்போய் அடையாளமே தெரியல. சரிபண்ணலாம், பண்ணப் போறதில்ல. அப்படியே ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன்.

வந்து பாரு. இந்தத் தடவை கதவோரம் நிக்காதே.

உன் தம்பி