கோயில் கிணற்றுப் பூட்டு

நாவலடித்துறை,
ஊர்காவற்றுறை.
9-8-1975

அன்புள்ள மகன் பிலேந்திரனுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நானும் உம்முடைய அப்பாவும் சுகமாயிருக்கிறோம், கண்டிக் குளிரில் நீரும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன். நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளும். உம்முடைய அம்மா இருந்த வீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு முன் வந்தவள், உம்மைவிட ஐந்தே வயது மூத்தவள், மகன் என்று எழுதவே கை கூசுகிறது. குருமடத்துக்கு எழுதுவது அப்பாவின் வேலை என்று இதுவரை ஒதுங்கியிருந்தேன், ஆனால் அவர் உமக்கு எழுதாத ஒன்று இருக்கிறது.

இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. வீட்டுக் கிணறுகளெல்லாம் உவராகிவிட்டன, நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்தத் தண்ணீரை வாயில் வைத்ததும் துப்புகிறார்கள். நல்ல தண்ணீர் என்று மிஞ்சியிருப்பது கோயில் கிணறு ஒன்றுதான். அடுத்த கிழமை குருப்பட்டம் பெற்று வந்து நீர் முதல் பூசை வைக்கப்போகிறீர் என்று, கோயில் மூப்பரான அப்பா அதை இறைப்பித்துத் துப்புரவாக்கினார், நீரும் சந்தோசப்பட்டு எழுதியிருந்தீர். பிறகு பங்குச் சுவாமியைக் கொண்டு கிணற்றை ஆசீர்வதிக்கச் செய்து, பலகையால் மூடி, ஆமைப்பூட்டும் போட்டுவிட்டார். இனி அந்தத் தண்ணீர் தீர்த்தத்துக்கும் பீடத் துணி தோய்க்கவும் பெருநாள் சமையலுக்கும் மட்டுமாம். மூப்பர் வீடு என்பதால் எங்கள் குசினிக்கு மட்டும் விடியற்காலையில் இரண்டு குடம் வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை கருவாடு போடுகிற செபஸ்தியம்மா குடத்தோடு வந்தாள். அவளுடைய மகள் இப்போதுதான் பிள்ளை பெற்றவள், தாயிடம் பால் இல்லை, உவர்த் தண்ணீரில் கரைத்த மாப்பாலைக் குடித்து அந்தப் பச்சைக் குழந்தைக்கு வயிற்றாலை போகிறது. அப்பா பூட்டைத் திறக்கவில்லை. "தேவனுக்கெண்டு ஒதுக்கினதுதான் பரிசுத்தம், மீன் நாத்தத்தோட பிள்ளை பெத்த துடக்கு வீட்டுக் குடத்தைக் கொண்டுவந்து நிக்கிறாய்" என்று எல்லோருக்கும் முன்னால் ஏசினார். அவள் கொஞ்சமும் தயங்காமல் "கோயிலுக்கை வச்சுக் கும்பிடுறியளே இராயப்பர், அவரும் மீன் பிடிச்ச ஆள்தானே மூப்பர், அவரிலை மட்டும் மல்லிகைப்பூ வாசமோ அடிச்சது" என்றாள். நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள், ஆனாலும் வெறுங்குடத்தோடுதான் திரும்பிப் போனாள். அன்று தொடக்கம் எங்கள் குடத்திலிருந்து அந்தக் குழந்தைக்கு ஒரு செம்பு கொண்டுபோகிறேன், மற்ற வீடுகளுக்கு எத்தனை செம்பு கொண்டுபோக என்னால் ஏலும்? அப்பா அறிந்துவிட்டு "நேற்று ஞானஸ்நானம் எடுத்தனீர், இண்டைக்கு எனக்குப் பரிசுத்தம் படிப்பிக்கிறீரோ" என்று கேட்டார்.

கோயில் வாசலில் வைத்துத்தான் கேட்டார், நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் பெற்றவள் நான், அந்தப் பட்டம் ஒரு சொல்லுக்கு உதவவில்லை. ஆனால் உள்ளே கொதிக்கிறது மகன். யார் வாளியைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதை என் தகப்பன் வீட்டுக் கிணற்றடியில் பார்த்துப் பார்த்து வெறுத்தவள் நான். ஞானஸ்நானத்துக்குப் படித்த நாட்களில் என்னைப் பிடித்து இழுத்தது ஒன்றுதான், இரத்தப்போக்கால் எல்லோரும் விலக்கி வைத்த பெண் யேசுவின் அங்கியைத் தொட்டாள், அவர் தீட்டுப்படவில்லை, அவள் சுகமானாள். பரிசுத்தம் என்பது தொட்டால் கெட்டுப்போகிற பொருள் அல்ல, தொடுகிறவரைச் சுகப்படுத்துவது என்று நம்பித்தான் இந்த வேதத்துக்கு வந்தேன். தேவனுக்கென்று ஒதுக்கினது என்று அப்பா சொல்வதில் பிழையில்லை, தனக்கென்று ஒதுக்கினதைத் தேவன் என்ன செய்வார் என்றுதான் ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை. பூட்டி வைப்பாரா? தாகத்தோடு வருகிறவளிடம் துடக்கு விசாரிப்பாரா? ஒரு குழந்தை வாடிக் கிடக்க நல்ல தண்ணீரில் அலசுகிற பீடத் துணி எந்தக் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும்?

அப்பா கெட்டவர் அல்ல, உம்முடைய பூசையை நினைத்து நித்திரையில்லாமல் திரிகிறார். நீர் கம்பளிச் சட்டை போடாமல் இரவில் படிக்க இருக்கவேண்டாம், பனங்கட்டி அனுப்பியிருக்கிறேன், மற்றவர்களுக்கும் கொடும். தேவமாதா உம்மை எந்நேரமும் காத்துக்கொள்வாராக.

ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நீர் வரும்போது கைகளில் பட்டத்தின் தைலம் பூசியிருக்கும், அவற்றை முத்தமிட ஊரே வரிசையில் நிற்கும். எங்கள் ஒருவருக்கும் கையைத் தர முன்னர் அப்பாவிடம் சாவியைக் கேளும், உமக்கு அவர் மறுக்கமாட்டார். அந்தக் கைகளாலேயே துலாவை இழுத்து முதல் வாளித் தண்ணீரைச் செபஸ்தியம்மாவின் குடத்தில் ஊற்றும்.

உமக்காக மன்றாடுகிற சின்னம்மா,
மேரி இராசேஸ்வரி