பெரிய ஓட்டலில் நீ ஒட்டிய காகிதங்கள்

என் அம்மாவுக்கு,

மார்ச் 14, சனிக்கிழமை, காலை பத்து இருபது. பல்லாவரம் பெரிய ஓட்டலில் விரிசல்கள் நாற்பத்தொன்று. நானே எண்ணினேன். நீ இருபது வருஷம் ரூம் பெருக்கிய கட்டடத்தை இடிக்கலாமா என்று சொல்ல என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். சிரிக்காதே.

உனக்குத் தெரிந்த கதைதான்; இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குவாரி முதலாளி ஒருவர் தன் மலைக் கல்லிலேயே கட்டியது. தேக்குப் படிக்கட்டு, கல்யாணக் கூடம், சினிமாக்காரர்கள் தங்கிய அறைகள். தினமும் மதியம் குவாரியில் சங்கு ஊதியதும், கண்ணாடி உடையாமலிருக்க, ஓடிப்போய் எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பீர்கள். பிறகு பாறைக்கு வெடி. குவாரி மூடி, குழியில் தண்ணீர் நிரம்பியபின், பக்கத்து ஏர்போர்ட்டில் விமானத்தைத் தவறவிட்டவர்கள்தான் வந்து தங்கினார்கள்.

போன வாரமே நான் முடிவு செய்துவிட்டேன்: அஸ்திவாரம் இறங்குகிறது, இடிக்கலாம். அறிக்கையும் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை முதலாளியின் பேரன் கையெழுத்துப் போட்டால் பதினெட்டு பேருக்கு வேலை போகும். அது என் கவலை இல்லை என்றும் சொன்னேன்.

இன்று கடைசியாக ஒருமுறை அளக்க வந்தேன். 204ஆம் அறையில் அலமாரியை நகர்த்தினால், விரிசலின் குறுக்கே பழுப்பேறிய காகிதப் பட்டைகள். சுரண்டியை எடுத்தேன். உன்னோடு அந்த மாடியைப் பெருக்கிய செல்விக்கா கையைப் பிடித்துவிட்டார்.

"இன்ஜினீருன்னு சொல்லிக்கினு இன்னாடா சுரண்டற? உங்கம்மா ஒட்னது அது. தேதி போட்டுக்கீது பாரு."

பென்சிலில் உன் எழுத்து. வெடிக்குப் பிறகு மைதாப் பசையால் ஒட்டுவாயாம், செல்விக்கா சொன்னார். மறுநாள் வெடியில் அது கிழிந்திருந்தால், வெடிமருந்தைக் குறை என்று மேனேஜர் குவாரி மேஸ்திரியிடம் சண்டைக்குப் போவாராம்.

காலேஜ் முதல் வருஷம், உன் பசைக் கிண்ணத்தைப் பார்த்து, "மாவு தடவினா விரிசல் நிக்குமா?" என்று கேட்டேன். "நிக்குதான்னு பாக்கத்தான்டா" என்றாய். நான் காதில் வாங்கவே இல்லை.

எல்லா அலமாரிகளுக்குப் பின்னாலும் தேடினோம். குவாரி மூடியபின் நீ ஒட்டியவற்றில் ஒன்றுகூடக் கிழியவில்லை. ஒன்பது மழைக்காலம் தாண்டியிருக்கிறது. போன வாரம் நான் அகலத்தை மட்டும் அளந்தேன். விரிசல் இன்னும் விரிகிறதா என்று கேட்கவில்லை.

வெடி நின்றபிறகும் ஏன் ஒட்டினாய்? யார் சொன்னது?

முதலாளியின் பேரனிடம் போனில் இதைச் சொன்னேன். "அப்ப பில்டிங் நிக்குமா சார்?" என்றார். தெரியாது, அளக்கணும் என்றேன். முனகிவிட்டு, ஒரு மழைக்காலம் பொறுப்பதாகச் சொன்னார்.

இனி நான் செய்யப்போவது:

1. தப்பு என்னுடையது என்று எழுதி, அறிக்கையை இன்றே திரும்பப் பெறுவேன்.
2. நாற்பத்தொரு விரிசலிலும், விரிவதைக் காட்டும் அளவுகோல் பதிப்பேன், உன் காகிதத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.
3. மாதாமாதம் அளவு பார்க்கும் வேலையைச் செல்விக்காவிடம் கொடுப்பேன். அவர் அவசரப்படமாட்டார்.
4. மழை முடிந்ததும், அளவு என்ன சொல்கிறதோ அதை மட்டும் எழுதுவேன். நிற்கும் என்றுதான் நினைக்கிறேன், அம்மா.

உன் பையன்,
பிரபு