ஒதுக்கிவைத்த முட்டை

அக்கா, நீ என்னைப் பட்டினி போட்டாய்.

பத்து வயதில், உடம்பு வளரத் தவிக்கிற காலத்தில், என் தட்டிலிருந்த முட்டையை எடுத்துத் தம்பியின் தட்டில் வைத்தாய். எள்ளுருண்டையைப் பரண்மேல் ஒளித்தாய். உளுந்தங்களி கேட்டால் முறைத்தாய். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நேற்று உன் மகளின் தட்டைப் பார்த்தபின் உன்னிடமாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அனகாபுத்தூரில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்கும் அவளுக்கும் முட்டைக்குழம்பு வைத்தேன். அவளுக்கும் இப்போது பத்து வயது. உன் மூக்கு, உன் பிடிவாதம். சோற்றையெல்லாம் வழித்துச் சாப்பிட்டுவிட்டு முட்டையை மட்டும் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். "எனக்கு வேணாம் சித்தி." அந்த முட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குழம்பு வாசனையோடு நம் இரும்புலியூர் வீடு வந்துவிட்டது.

ஏழாவது படிக்கும்போது நீ பெரியவளானாய். ஓலைத் தடுப்புக்குப் பின்னால் உன்னை உட்காரவைத்து, அம்மா பச்சை முட்டையை வாயில் ஊற்றி, அதே ஓட்டில் நல்லெண்ணெய் பிடித்து ஊற்றினாள். நீ குமட்டினாய். எனக்குப் பொறாமையாக இருந்தது. முட்டை, உளுந்தங்களி, புதுப் பாவாடை, தெருவெல்லாம் கேட்க மைக் செட். இத்தனை கொண்டாட்டமும் எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. சடங்கு முடிந்த வாரமே தெரிந்தது. அப்பா உன் பள்ளிக்கூடப் பையை ஆணியிலிருந்து எடுத்து அதில் வெங்காயம் போட்டு வைத்தார்.

நீ அழுதாய். அம்மாவும் கேட்டுப்பார்த்தாள். "பெரியவளானா வூட்டோட. சும்மா பேஜார் பண்ணாத" என்றார் அப்பா. பள்ளிக்கூடத்துக்கு ரயில் பாதையைத் தாண்டிப் போகவேண்டும், வழியில் பையன்கள் நிற்கிறார்கள், அதுதான் அவர் சொன்ன காரணம். அந்தப் பையன்களிடம் ஒருநாளும் போய் அவர் எதுவும் கேட்டதில்லை. பதிவேட்டில் உன் பெயரை அடித்த டீச்சரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. உன்னை நிறுத்துவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

அம்மா சேலையூர் காலனிக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அடுப்பு உன் கைக்கு வந்தது. மத்தியானத்தில் என்னோடு அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்த நீதான் எங்கள் சோற்றுக்கு எஜமானி. குழாயடியில் பெண்கள் பேசுவதைக் கேட்டு வந்தாய். முட்டையும் எள்ளும் தின்கிற பெண்கள் சீக்கிரம் வயதுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். நீ அதை நம்பினாய். அப்பாவைத் தடுக்க உன்னால் முடியாது. என் உடம்பைத் தடுக்கலாம் என்று நினைத்தாய்.

ஒருநாள் முட்டையை எடுத்த உன் கையைக் கடித்துவிட்டேன். நீ கையை உதறவில்லை.

"படிக்கணுமா, துன்னணுமா? ஒண்ணு சொல்லு."

"ரெண்டும்" என்றேன்.

நீ சிரித்தாய். "ரெண்டும் ஒண்ணா நம்ம வூட்ல கெடையாதுடி."

அப்படியும் நான் கொஞ்சம் வளர்ந்தேன். கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியது. நீ கீழ்மடிப்பைப் பிரித்துத் தழைத்துத் தைத்தாய். பழைய மடிப்பிருந்த இடம் புதுத்துணியாய்ப் பளிச்சென்று தெரிந்தது. டீத்தண்ணியைத் தொட்டுத் தேய்த்து அதை மங்கலாக்கினாய். ஒரு சாயங்காலம் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "என்னா, இவ வளந்துகினே போறா?" என்றார். "எங்கப்பா வளர்றா? நீ எடுத்துக் குடுத்த துணிதான் சுருங்கிக்கினே போவுது" என்றாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எட்டாவது பரீட்சை முடிந்தபிறகுதான் நான் உட்கார்ந்தேன். அதற்குள் உனக்குக் கல்யாணமாகியிருந்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு அனகாபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தாய். பதினாறு வயது. வயிறு மட்டும்தான் பெரியது, மணிக்கட்டு என்னுடையதைப்போலவே இருந்தது. அம்மா கையிலிருந்த முட்டையை வாங்கி நீயே என் வாயில் ஊற்றினாய். "இப்போ துன்னு" என்றாய். பிறகு சொந்தக்காரர்களுக்கு நடுவில் எழுந்து நின்று அப்பாவிடம், "இவ ஒம்பதாவது போவா" என்றாய். அவர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே உனக்கு வலி கண்டது. இடுப்பெலும்பு விரியவில்லை, இது குழந்தை உடம்பு, இதைப் போய்ப் பிள்ளை பெற அனுப்பினீர்களே என்று டாக்டரம்மா அம்மாவைத் திட்டினார். குழந்தையைக் கொடுத்தார்கள். உன்னை மறுநாள் கொடுத்தார்கள்.

அந்த வருடம் அப்பா என்னை ஒன்பதாவதில் சேர்த்தார். மனம் மாறிவிட்டார் என்று ஊர் சொன்னது. அப்படியெல்லாம் இல்லை. உன் இடத்தில் என்னை வீட்டில் வைத்துப் பார்க்க அவருக்குப் பயம். நீ செத்ததால் நான் படித்தேன். இதை வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் நர்ஸ். சேலையூரில் ஒரு கிளினிக்கில் குழந்தைகளை எடை பார்க்கிறேன், உயரம் பார்க்கிறேன். ஒன்பது, பத்து, பதினொரு வயதில்தான் பெண் உடம்பு எலும்புக்கும் இரத்தத்துக்கும் சேர்த்துவைக்கத் தொடங்குகிறது. முட்டை தின்றதால் யாரும் வயதுக்கு வருவதில்லை. பட்டினி கிடந்தால் தள்ளிப்போகும், உண்மைதான். அதற்கான விலையை எலும்பு கொடுக்கும். மிச்சத்தைத் தின்று, குழந்தை உடம்போடு பிள்ளை சுமந்த நீ கொடுத்தாய். வகுப்புப் படத்தில் குள்ளமாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற நானும் கொஞ்சம் கொடுத்தேன். உன்மேல் எனக்கு இன்னமும் கோபம் தீரவில்லை, அக்கா. அந்தக் கோபம் உன்னிடமே நின்றுவிடக் கூடாது என்பதும் தெரிகிறது.

நேற்று அவளிடம் ஏன் வேண்டாம் என்று கேட்டேன்.

"பெரிசாயிட்டா இஸ்கூல்லருந்து நிறுத்திடுவாங்க சித்தி. முட்டை துன்னா சீக்கிரம் ஆயிடுமாம்."

குழாயடியில் கேட்டாளாம். நீ அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளோ நீ விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள். உனக்கு ஒரு தங்கையின் தட்டு கிடைத்தது. அவள் தன் தட்டிலேயே தொடங்கிவிட்டாள்.

மாமா எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று நீ நின்ற மாதிரி நானும் எழுந்து நின்றேன். "மாமா, இவ பெரியவளானாலும் இஸ்கூலுக்குப் போவான்னு சொல்லுங்க. எங்கிட்ட இல்ல, இவகிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டை தட்டின் ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்தது. மாமா ரசச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க மாமா" என்றேன் மறுபடியும்.