ஒரே பெட்டியில் போன ஆறு மஜ்ஜை மாதிரிகள்

அனுப்புநர்:
கா. வஹிதா,
க/பெ காலஞ்சென்ற காசிம்,
பென்னாகரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: எலும்பு மஜ்ஜை மாதிரி கெட்டதை மறைத்துத் தவறான முடிவு வழங்கியது – மீதமுள்ள ஐந்து நோயாளிகளை அழைத்துச் சோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் காசிம் தொப்பூரில் லாரி சீட் தைத்து வந்தார். அவருக்கு இரத்த அணுக்கள் குறையும் நோய் வந்தது. அது இரத்தப் புற்றுநோயாக மாறுமா, எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதைக் குரோமோசோம் சோதனைதான் சொல்லும் என்று, இணைப்பில் கண்ட மருத்துவமனையில் 13.01.2025 அன்று இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள்.

2. அந்த மாதிரி பொங்கல் விடுமுறை முழுவதும் கூரியர் அலுவலகத்தில் கிடந்து, 20ஆம் தேதிதான் பெங்களூரு ஆய்வகம் சேர்ந்தது. "செல்கள் வளரவில்லை, குரோமோசோம்களைப் பார்க்க இயலவில்லை, மறு மாதிரி தேவை" என்று ஆய்வகம் எழுதியது. மருத்துவமனை எங்களுக்குத் தந்த தாளில் "குரோமோசோம் குறைபாடு இல்லை" என்று இருந்தது. பார்க்காத ஒன்றை இல்லை என்று எழுதும் துணிச்சல் படித்தவர்களுக்குத்தான் வரும். என் கணவர் மறுநாளே கடையைத் திறந்தார்.

3. செப்டம்பரில் காய்ச்சல் விடாததால் சேலம் போனோம். ஏழாவது குரோமோசோம் இரண்டில் ஒன்று இல்லை, இந்த வகை வேகமாக முற்றும், ஏற்கெனவே புற்றுநோயாகிவிட்டது என்றார்கள். அவருடைய தம்பி ஜீஷானின் மஜ்ஜை பொருந்தியது. ஜனவரியிலேயே தெரிந்திருந்தால் மஜ்ஜையை மாற்றிப் பார்த்திருக்கலாம் என்றார்கள். 02.11.2025 அன்று என் கணவர் காலமானார்.

4. மருத்துவமனைக்கு எழுதினேன். "நோயாளி இறந்துவிட்டதால் கோப்பு முடிக்கப்பட்டது" என்று நான்கே நாளில் பதில் வந்தது. இதில் மட்டும் தாமதம் இல்லை.

5. என் கணவரின் மாதிரி போன அதே கூரியர் பெட்டியில் இருந்த ஆறு மாதிரிகளுமே கெட்டுவிட்டதாக, ஆய்வகத்திடம் அறிக்கையோடு ஜீஷான் கேட்டு வாங்கிய பட்டியல் சொல்கிறது. மற்ற ஐவரில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் மாது என்பவர் மட்டுமே. ஜீஷான் நேரில் போய்ச் சொன்னார். "கொறை இல்லைனு அச்சடிச்சே குடுத்திருக்காங்க தம்பி. நீங்க எதுக்குங்க வந்து பயமுறுத்தறீங்க" என்று மாது தாளைக் காட்டி அனுப்பிவிட்டார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அதே தாளை நாங்கள் லேமினேட் செய்து வைத்திருந்தோம்.

6. கணவரை இழந்து இத்தா இருப்பதால் மார்ச் 12 வரை நான் வீட்டை விட்டு வெளியே வர இயலாது. ஆகவே இம்மனுவை ஜீஷான் கொண்டுவருகிறார். நான் இழப்பீடு கேட்கவில்லை. முதல் தாள் தவறு என்று தங்கள் முத்திரையுடன் ஐவருக்கும் கடிதம் அனுப்பி, மறுசோதனைக்கு உத்தரவிட வேண்டுகிறேன். மாது என் சொல்லை நம்பவில்லை, தங்கள் முத்திரையை நம்புவார். அவர் இன்று காலையும் பரிசல் ஓட்டப் போயிருப்பார். அவர் உயிரோடு இருக்கும்போதே கடிதம் போய்ச் சேர வேண்டும்.

இடம்: பென்னாகரம்
நாள்: 15.12.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) கா. வஹிதா

இணைப்பு: மருத்துவமனைத் தாள், ஆய்வக அறிக்கை, மாதிரிகளின் பட்டியல், இறப்புச் சான்று – நகல்கள்.