பிசிறில்லாத பெயர்ப்பலகை

மச்சானோடு நேற்றிலிருந்து பேச்சு இல்லை. அதனால் இது பேச்சு இல்லை, கதை.

கொடைக்கானல் பஜாரில் பெயர்ப்பலகை செய்யும் ஜாசிமுக்கு நஜ்லா என்று ஒரு பெண்டாட்டி. நேற்று ஜாசிம் செண்பகனூர் விடுதிக்காரருக்காக சிஎன்சி மெஷினில் வினைல் ஷீட்டைக் குடைந்தபோது, தூள் உருகி, குடைகிற பிட்டிலேயே ஒட்டிக்கொண்டது.

"இது மரத்துக்குப் போடுற பிட்டுங்க. சிங்கிள் புளூட்டை மாட்டுங்க, வெட்டுவாய் ஒண்ணா இருந்தாத்தான் தூள் வெளிய போகும்" என்றாள் அவள்.

"பிட்டுல ஒண்ணுமில்ல. அது சுத்துற வேகத்தைக் குறைச்சாப் போதும்" என்றார் அவர்.

இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

இன்று வெள்ளனே அவர் தொழப் போனதும் நஜ்லா தன் பிட்டை மாட்டித் துண்டு ஷீட்டில் ஓட்டினாள். அதிலும் தூள் உருகி ஒட்டியது! யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு வேகத்தையும் குறைத்தாள். எழுத்து பளிச்சென்று வந்தது. பிசிறு இருக்கிறதா என்று துப்பட்டாவை அதன்மேல் இழுத்துப் பார்த்தாள். ஒரு நூல்கூட மாட்டவில்லை. அப்படியே பலகையையும் முடித்துவிட்டாள்.

யார் ஜெயித்தது? பாதிப் பாதி.

விடுதிக்காரர் மத்தியானம் வருவார். கடைச் சாவி அரிசி டப்பா மேல். இடியாப்பம் ஹாட்பாக்ஸில். நஜ்லா பழனியில் அம்மாவைப் பார்த்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் வருவாள்.

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்) பாயாவைச் சுட வச்சுச் சாப்பிடுங்க.

(இன்னும் ஒண்ணு) தட்டுக்கு அடியில ஒரு துண்டு ஷீட் கெடக்கு. அதுல "மச்சான்"னு குடைஞ்சிருக்கேன். நான் கூப்பிட்டாச்சு. இனி நீங்கதான் பேசணும்.