பேர் சொல்லாதது

ஆனைக்கரை, 1974

மே 19, ஞாயிறு

குமுளிச் சந்தைக்குப் போன வீட்டுக்காரர் மூன்று பெட்டைக் கோழிகளைக் கூடையில் போட்டுத் தூக்கி வந்திருக்கிறார். கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று, கழுத்தில் இறகே இல்லாத ஒன்று. "பிலோமி, உனக்கும் பொழுது போகும்ல" என்றார். பொழுது போகாததுதான் எனக்குக் குறையாம்.

பழைய தேயிலைப் பெட்டியை உடைத்து, சாயங்காலம் வரை உட்கார்ந்து கூடு அடித்தார். பலகையை இப்படி இழைத்து இழைத்து அவர் ஆணி அடித்ததை இதற்கு முன் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். போன நவம்பரில். அது இதைவிடச் சின்னப் பெட்டி.

மே 23, வியாழன்

பக்கத்து வீட்டு வேலுத்தாயக்கா என்னோடு ஏலக்காட்டில் களையெடுக்கிறவள். அவள் சொல்லி, கூட்டைச் சுற்றித் துளசியும் தும்பையும் நட்டேன். "கொத்தித் தின்னா சீக்கு அண்டாதுடி" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வாய்க்கா ஓரத்துல வசம்பு மதமதன்னு நிக்குதே. மழை புடிச்சா கூட்டுல செள்ளு அடையும். அந்தக் கெழங்க இடிச்சுத் தடவுனா ஒரு பேன் நிக்காது" என்றாள். கேட்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

அது நான் ஏழு மாதமாக இருந்தபோது நட்டது. நடுவதற்குக் கிழங்கு கொடுத்ததே அவள்தான். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கு இன்னொரு பேர். பிறந்த பிறகு சுட்டு, உரசி, நாக்கில் தடவினேன். காய்ச்சல் கண்ட அன்றும் தடவினேன்.

வளர்த்தது போ.

மே 24, வெள்ளி

விளக்கு வைத்த பிறகு வசம்பு என்று சொல்லக் கூடாது; பேர் சொல்லாதது என்றுதான் சொல்ல வேண்டும். புருஷன் பேரையும் சொல்லக் கூடாது. இந்த வீட்டில் மூன்றாவதாகவும் ஒரு பேர் இருக்கிறது. அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து அவர் அதைச் சொல்லவே இல்லை. பேச்சு வந்தால் 'அந்தக் காரியம்' என்கிறார். பிள்ளை ஒரு காரியமா?

நான் மட்டும் என்ன, இங்கே எழுதினேனா?

ஜூன் 9, ஞாயிறு

கறுப்பு அடை படுத்துவிட்டது. பதினொரு முட்டை வைத்தார். இடிக்குக் கெட்டுப்போகாமல் இருக்கக் கரித்துண்டும் ஆணியும் கூடவே. மழை பிடித்துவிட்டது. "குஞ்சு பொரிச்சா நல்லா இருக்கும்ல?" என்றார். யாருக்கு?

ஆனாலும் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்க்கிறேன். கோழிக்கு அடியில் கை விட்டால் முட்டை கதகதவென்று இருக்கிறது. அந்தச் சூடு என் கைக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் 15, சனி

செள்ளு வந்துவிட்டது. கூட்டுக்குள் கை விட்டேன், முழங்கை வரை பொடிப் பேனாக ஊர்கிறது. சாம்பல் தூவினேன். பலகை இடுக்கில் மண்ணெண்ணெய் தடவினேன். ஆசையாக நட்ட துளசியும் தும்பையும் மழையில் அழுகிக் கிடக்கின்றன. வேப்பிலை போட்டால் கேட்குமாம். இந்தக் குளிருக்கு இங்கே வேம்பு ஏது? கம்பத்திலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. மலைப்பாதையில் மண் சரிந்து, பஸ் இல்லை.

பஸ் இல்லை. அன்றைக்கும் இதையேதான் சொன்னார்கள்.

ஜூன் 17, திங்கள்

சிவப்பு செத்துவிட்டது. கொண்டை வெளுத்து, தூக்கினால் கனமே இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

கறுப்பு அடையை விட்டு எழுந்து எழுந்து நிற்கிறது. அதைக் குறை சொல்லி என்ன, செள்ளு உயிரோடு தின்கிறதே அதை. முட்டை ஆறிவிட்டது. பழைய சேலையைப் போட்டு மூடிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வேலுத்தாயக்கா வந்து பார்த்தாள்.

"இன்னுமாடி அத நீ தோண்டல?"

"அது கோழிக்கு வச்சது இல்லக்கா."

"யாருக்கு வச்சதுன்னு எனக்குத் தெரியாதா? கெழங்கு குடுத்தது நாந்தான?"

கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் என்ன கல்லா? இங்கே ஓர் உயிர் துடிக்கிறது, நான் ஒரு செடிக்குக் காவல் இருக்கிறேன். ஆனா அதையும் புடுங்கிட்டா எனக்கு என்ன மிச்சம்? கல்லறையில நட்ட குச்சிச் சிலுவையும் மழையில சாஞ்சு போச்சு. அவனுக்குன்னு இந்த மண்ணுல நிக்கிறது அது ஒண்ணுதான. மாதாவே, நான் யார்கிட்டப் போயி இதச் சொல்ல?

ஜூன் 19, புதன்

வேலை முடிந்து வந்தேன். வாய்க்கால் ஓரம் வெறும் குழி. எல்லாவற்றையும் தோண்டிவிட்டார். வாசலிலேயே அந்த வாசனை அடித்தது. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டு வாசனை. ஒரு நிமிஷம் - ஒரே ஒரு நிமிஷம் - உள்ளே தொட்டிலில் கிடக்கிறான் என்றே நினைத்துவிட்டேன்.

அவர் கூட்டுக்கு முன்னால் குத்தவைத்து, இடித்த கிழங்கைக் கறுப்பின் இறக்கைக்கு அடியில் தடவிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் மண் தெரியவில்லை. "யாரக் கேட்டுத் தோண்டுனீங்க?" என்று கேட்டு அவர் முதுகில் அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். அவர் திரும்பவில்லை.

"இஞ்ஞாசிக்குத்தான் கேக்கல. இதுக்காச்சும் கேக்கட்டும்டி" என்றார்.

பேரைச் சொல்லிவிட்டார். இத்தனை மாதத்துக்குப் பிறகு, கோழியைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளை பேரைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவர் பிடி தளர்ந்து கோழி நழுவப் பார்த்தது. நான்தான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். மற்ற இறக்கைக்கும் தடவினார். இரண்டு பேரும் அழுதோம். கோழியை மட்டும் விடவில்லை.

ஜூன் 22, சனி

செள்ளு குறைந்திருக்கிறது. கறுப்பு அடையிலேயே இருக்கிறது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 1, திங்கள்

இரண்டுதான் பொரித்தன. மீதி எல்லாம் கூமுட்டை. ஆறிப்போனது ஆறிப்போனதுதான். அவற்றைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். குஞ்சைப் பார்த்ததும் மனசு ஆறிவிட்டது என்று எழுதினால் பொய். ஆறவில்லை. இனியும் ஆறுமா என்று தெரியவில்லை.

விளக்கு வைத்த பிறகு வேலுத்தாயக்கா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கோபம் இறங்கிவிட்டது போல. "குஞ்சுச் சத்தம் கேக்குதே. கடைசில செள்ளுக்கு எதுடி கேட்டுச்சு?"

"வசம்புக்கா."

"ஏ கிறுக்கி, விளக்கு வச்சாச்சுல்ல? அந்தப் பேரச் சொல்லலாமா?"

"இஞ்ஞாசிக்கு நட்ட வசம்புக்கா" என்றேன்.

உள்ளே அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.