மொம்பாசாவுக்குப் போகும் பெட்டி

ஜூன் 9, திங்கள்

காலை எட்டுக்கே வெயில். குமணன்சாவடி சிக்னலில் இருபது நிமிடம். அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேர்வதற்குள் சட்டையைப் பிழியலாம். மூன்று வருடமாக என் உலகப் பயணம் இதுதான்.

ஊர் சுற்றிக்கொண்டே சம்பளம் வாங்கும் வேலைகள், டிப்ளமோ முடித்தபோது போட்ட பட்டியல்:
கப்பல் – கண் டெஸ்டில் அவுட்.
விமானத்தில் ட்ராலி தள்ளுவது – சிரிக்க வேண்டும். வராது.
லேப்டாப்போடு எங்கிருந்தும் வேலை – செம்பரம்பாக்கம் ஃப்ளாட்டில் கூடப் படித்தவன் செய்கிறான். எங்கிருந்தும் என்றால் பெட்ரூம் அல்லது ஹால்.
சர்வீஸ் இன்ஜினியர் – மெஷின் போகும் ஊருக்கு நாமும் போய், நிறுத்தி, ஓட்டிக் காட்டிவிட்டு வருவது. மிச்சம் இது ஒன்றுதான்.

எங்கள் கம்பெனி மெஷினோடு வெளிநாடு போக இந்த முறை என் பெயர். டீத்தூள் பாக்கெட் போடும் மெஷின். கென்யா, மொம்பாசா. பாஸ்போர்ட் எடுத்து மூன்று வருடம், முப்பத்தாறு பக்கமும் வெள்ளை.

இதுவரை வெளிநாடு எல்லாம் சீனியர் செல்வம் அண்ணன்தான். பதினோரு நாடு. இப்போது அண்ணிக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவம் தேனியில் அவங்க அம்மா வீட்டில். இது இரண்டாவது, ஆவடியிலேயே. அந்த அம்மாவுக்கு இப்போது கால் ஆபரேஷன், வர முடியாது. அதனால் அண்ணன் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார், வாய்ப்பு எனக்கு.

டீக்கடையில் அண்ணனிடம் கேட்டேன், எந்த ஊர் பெஸ்ட் என்று.
"எல்லா ஊர்லயும் ஃபேக்டரிக்கு உள்ள ஒரே மாதிரிதாண்டா இருக்கும்."
"அதை நான் பாத்துட்டு வந்து சொல்றேன்ணே."

ஜூன் 10, செவ்வாய்

ட்ரயல். பாக்கெட் வாயைச் சூட்டில் ஒட்டும் ஜா, காற்று அழுத்தம் மூன்று பார் அளவைத் தாண்டினால் 'டக்' என்று ஒரு உதை. தாண்டாவிட்டால் சத்தமே வராது. மேனுவலில் மூன்றரை என்று இருக்கிறது, தப்பு. தப்பைப் பார்த்தால் மேனுவலிலேயே திருத்தி எழுது என்று அண்ணன் எப்போதும் சொல்வார். எதற்கு? நான்தானே போகிறேன். தலையில் இருக்கிறது.

விசா ஏஜென்ட்டுக்குப் பாஸ்போர்ட் காப்பி அனுப்பியாயிற்று. ஒரிஜினல் வெள்ளிக்கிழமை வேண்டுமாம்.

ஜூன் 11, புதன்

பேக்கிங். லாரி மூன்று மணிக்கு வரவேண்டியது, ஒன்றுக்கே வந்து ஹார்ன் அடிக்கிறது. மெஷினோடு சர்வீஸ் ஆளின் டூல் பாக்ஸும் அதே மரப்பெட்டியில் போகும். இருபது கிலோ ஸ்பானரை ஃப்ளைட்டில் ஏற்ற விடமாட்டான்.

பேக்கிங் தாஸ் அண்ணன் ஆணியை வாயில் கவ்விக்கொண்டே, "உள்ள இன்னா இன்னா கீதுன்னு தொறந்து பாத்து லிஸ்ட் எழுதுபா."
"டூல்ஸ்தான் அண்ணாத்தே. போன தபா லிஸ்ட்டையே போடு."
"போன தபா செல்வம் பொட்டி நைனா. இது உன் பொட்டி."
"எல்லாம் ஒரே ஸ்பானர்தான். அடி நீ."

அடித்தார். பெட்டிமேல் கறுப்பு மையில் MOMBASA. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்.

ஜூன் 13, வெள்ளி

ஏஜென்ட் ஃபோன். ஒரிஜினல் எங்கே?

பை. பைக் டேங்க் கவர். வீட்டில் பீரோ. அம்மா, "இன்னாடா ஊட்டையே பொரட்டிப் போடுற?" பதினொன்றரைக்கு நினைவுக்கு வந்தது.

செவ்வாய் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, ஒர்க்ஷாப்பில் லாக்கர் இல்லாததால், பூட்டு உள்ள ஒரே இடத்தில் வைத்தேன். டூல் பாக்ஸ் மூடிக்குள், பிளாஸ்டிக் உறையில். வைத்துப் பூட்டினேன். சாவி இப்போதும் பாக்கெட்டில்.

தொறந்து பாத்து எழுதுபா. தொறந்து பாத்து எழுதுபா.

கன்டெய்னர் நேற்றே துறைமுகத்துக்குள் போயாயிற்று. கஸ்டம்ஸ் சீல். நாளைக் காலை கப்பல்.

ஜி.எம்.மிடம் நேரே போய்ச் சொன்னேன். பேனாவை மூடினார். திறந்தார். "நிறுத்தினா அடுத்த கப்பல் எப்பன்னு தெரியாது. அங்க தேயிலை வந்து குவிஞ்சு கெடக்கு. உன் புக்குக்காகக் கப்பல நிறுத்தச் சொல்றியா?"
"இல்ல சார்."
"வேற பாஸ்போர்ட் எடு. கப்பல் போய்ச் சேர நாலு வாரம். அதுக்குள்ள வரலைன்னா செல்வம்தான்."

அண்ணியின் பிரசவத் தேதி ஜூலை மூன்றாவது வாரம்.

ஜூன் 14, சனி

செல்வம் அண்ணனிடம் நானே சொன்னேன். டீக்கடையில், கிளாஸ் கைக்கு வருவதற்குள். அவர் திட்டவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "எவ்வளவு வேகமா பாஸ்போர்ட் வரும்னு பாரு" என்றார். திட்டியிருக்கலாம்.

இந்நேரம் கப்பல் கிளம்பியிருக்கும்.

ஜூன் 16, திங்கள்

பாஸ்போர்ட் ஆபீஸில், தொலைந்தது என்றால் போலீஸ் புகார் நகல் கொண்டு வா என்றார்கள். ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதும் ஏட்டு வயதானவர்.

"எங்கப்பா தொலைச்ச?"
"தொலைக்கல சார். பெட்டில இருக்கு."
"பெட்டி எங்க?"
"கப்பல்ல."
"கப்பல் எங்க?"
"கடல்ல."
பேனாவை வைத்துவிட்டார். "தம்பி, எங்க இருக்குன்னு உனக்கே தெரியுது. இதத் தொலஞ்சதுன்னு நான் எப்டி எழுதறது?"

பக்கத்தில் செல்ஃபோன் தொலைத்தவர் சிரிக்கிறார். பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பொய் வாயில் வரவில்லை. சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதினார், முழுப்பக்கம். இதை எந்த ஆபீஸர் படித்து எப்போது கையெழுத்துப் போடுவாரோ.

ஜூன் 30, திங்கள்

புழுதி. மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போனது. பாஸ்போர்ட் ஆபீஸ், மூன்றாம் முறை. "விளக்கம் கேட்டிருக்கோம், பரிசீலனையில் இருக்கு." கப்பலின் பெயரைப் போட்டால் மேப்பில் நீலப் புள்ளி காட்டும் ஒரு ஆப் கிடைத்தது. கொழும்பு தாண்டிவிட்டது. நான் அம்பத்தூர் மேம்பாலத்தில்.

ஜூலை 12, சனி

வரவில்லை. டிக்கெட் செல்வம் அண்ணன் பெயரில்.

ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது ஃப்ளாட் சாவியைக் கையில் வைத்தார். ஆஸ்பத்திரி ஃபைல் டி.வி.க்கு மேல். மகள் நிலாவுக்கு ஸ்கூல் மூன்றரைக்கு விடும். ஆட்டோக்காரர் நம்பர் ஃப்ரிட்ஜில். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன், ஒன்று விடாமல்.

அவர் போனபிறகுதான் உறைத்தது. மூன்று பார். அதை மட்டும் எழுதித் தரவில்லை. மெசேஜில் அடித்தேன், இந்த நேரத்தில் அவருக்குப் பாடம் எடுக்க முகமில்லாமல் அழித்தேன்.

ஜூலை 16, புதன்

அண்ணன் அனுப்பிய போட்டோ. டூல் பாக்ஸ் பூட்டை உடைத்திருக்கிறார். மெஷின் பெல்ட்மேல் என் பாஸ்போர்ட். கீழே, "நல்லபடியா வந்து சேந்துட்டான்."

ஜூலை 17, வியாழன்

காலை ஆறரைக்கு அண்ணி ஃபோன். ஃபைல், பை, ஆட்டோ. நிலா வழியில் கேட்டாள்: "நீங்கதான ஃப்ளைட்ல போகணும்? எங்கப்பா ஏன் போனாரு?" அண்ணி வலியிலும், "அந்த மாமா அவசரப்பட்டாரு" என்றார்.

என் அம்மாவை வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் உட்காரவைத்தேன். நிலாவை ஸ்கூலில் விட்டேன். ஃபாரத்தில் உறவு என்ற இடத்தில் நர்ஸ் பேனாவை வைத்துக்கொண்டு பார்க்கிறார். "ஆபீஸ்" என்றேன். "அப்டி ஒரு ஒறவு இல்லப்பா." தம்பி என்று போட்டார்.

பதினொன்று பத்து. பையன். மூன்று கிலோ சொச்சம். அண்ணி நலம்.

வீடியோ கால். அங்கே மெஷின் ஓடுகிறது, அண்ணன் முகம் கட்டம் கட்டமாக. துணிக்குள் இருப்பவனைக் காட்டினேன். அண்ணன் முகம் திரைக்குக் கிட்டே வந்தது. பின்னால் டக். டக். டக்.

அடக்க முடியவில்லை. "அண்ணே, ஜா உதைக்குது. மூணரைல வச்சிருக்கீங்க. மூணுக்குக் கொறைங்க."
"டேய்." மூக்கை உறிஞ்சினார். "மூடிட்டு புள்ளையக் காட்டுறா."

காட்டினேன். நெட் போகும்வரை.

பத்து நிமிடம் கழித்து மெசேஜ்: "கொறச்சுட்டேன். சத்தம் இல்ல. இன்னொருக்கா காட்டு."

மணி மூன்று. நிலாவைக் கூப்பிடப் போகவேண்டும். பைக்கில் பெட்ரோல் இல்லை.